கச்சான் மாதங்களில் சிறுநீரகம்: வவுனியா, அனுராதபுரம் கமக்காரர் கவனத்துக்கு

சிறுபோக அறுவடை நடக்கிறது. கச்சான் காற்றில் குளங்கள் வற்றி, கிணற்றுத் தண்ணீரும் அடிக்குப் போய்விட்டது. இந்த நேரத்தில்தான் பல கிணறுகளில் உப்பும் வன்தன்மையும் ஏறும். வெயிலில் நின்று அந்தத் தண்ணீரையே அதிகமாகக் குடிப்பதும் இந்த மாதங்களில்தான்.

இந்தத் தண்ணீரோடு சேர்த்துப் பேசப்படுவதுதான், பதவியா, மதவாச்சிப் பக்கம் 1990களில் தெரியவந்த, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய். நீரிழிவோ பிரஷரோ இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. கிணற்றுப் புளோரைட், வன்னீர், கட்மியம், களைநாசினி, வெயிலில் உடல் வறளுதல் என்று சந்தேகப் பட்டியல் நீளம். கிளைபோசேற் என்ற களைநாசினியை 2015இல் நாடு முழுக்கத் தடைசெய்து பிறகு தளர்த்தினார்கள், வாக்குவாதம் ஓயவில்லை. அது ஒருபக்கம் நடக்கட்டும். நாம் குடிக்கும் தண்ணீரை இன்றைக்கே மாற்றலாம்.

குடிக்க மட்டுமல்ல, சோறு, கஞ்சி, தேத்தண்ணி எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ பாவியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக மிஞ்சியதில் அது செறிந்துதான் நிற்கும். கேத்தில் அடியில் வெள்ளைப் படிவு திரள்கிறதா? பிள்ளைகளின் பல்லில் மாறாத வெள்ளைக் கோடோ மண்ணிறக் கறையோ இருக்கிறதா? கிணற்றைப் பரிசோதிக்கச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். ஆர்.ஓ. நிலையத்தின் கழிவு நீரைக் கிணற்றுப் பக்கமோ குளத்துக்கோ விடக்கூடாது. வடிகட்டிப் பிரித்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வயலுக்கு விடியற்காலையில் போங்கள். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை நிழலில் இருங்கள். வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோய், தாகம் வரக் காத்திராமல் அரைமணிக்கொருமுறை குடியுங்கள். சோடாவும் கசிப்பும் அதற்கு ஈடாகா. ஏற்கெனவே சிறுநீரக கிளினிக்கில் இருப்பவர்கள் அங்கே சொன்ன அளவையே குடிக்கவேண்டும்.

மருந்தடிக்கிறவர்கள் காற்று எழுமுன் அடித்து முடியுங்கள். டாங்கியைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். வெறும் மருந்துப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நாள் முழுக்க வியர்த்துவிட்டு வந்து, நாரி நோவுக்கு டைக்ளோபெனக், இபுபுரூபன் போடுகிறோம். வறண்ட உடலில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

உடம்பு நல்லாயிருக்கிறது என்பதை நம்பி இருக்கவும் முடியாது. கால் வீங்கி, சத்தி வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இந்த நோயில் ஆரம்பத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது. ஆகவே சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் போதாது, இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கவேண்டும். பரிசோதனைக்கு முதல்நாள் கடும் வேலை செய்யாதீர்கள். இதை ஆம்பிளைகளின் நோய் என்று பெண்கள் ஒதுங்கவும் வேண்டாம்: அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் பெண்களில் 16.9 வீதத்தினருக்கும் ஆண்களில் 12.9 வீதத்தினருக்கும் நோய் இருந்தது. முற்றிய நிலைதான் ஆண்களிடம் அதிகம்.

ஐப்பசி மழைக்கு முன் கூரையையும் பீலியையும் கழுவி, தாங்கிக்கு மூடியும் வலையும் போட்டுவையுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். மழைத் தண்ணீரில் வன்தன்மை இல்லை, புளோரைட் தொல்லையும் இல்லை; குடிக்கமுன் கொதிக்க வைத்தால் போதும்.