கைபேசியைப் பூட்டி வைத்தால் மனம் தேறிவிடுமா?

பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேச்சு எடுத்தாலே இன்று இன்ஸ்டாகிராமும் யூடியூப் ஷார்ட்ஸும்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. அடுத்த நொடியே, “பள்ளிக்கூடம் என்ன செய்கிறது?” என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு நாம் தயாராக வைத்திருக்கும் பதில்களில் பல, ஆய்வுகளின் முன் நிற்பதில்லை. அவற்றில் நான்கைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பள்ளியில் கைபேசியைத் தடை செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உண்மை: தடை படிப்புக்கு உதவக்கூடும்; மனநலத்துக்கு அது மட்டும் போதாது. லண்டன் பொருளாதாரக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசியைத் தடை செய்த பள்ளிகளில் தேர்வு மதிப்பெண் கூடியது. அதிகம் பயனடைந்தவர்கள் படிப்பில் பின்தங்கிய மாணவர்கள். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு, தடைக்குப் பிறகு மாணவிகள் மனநல சிகிச்சைக்குச் செல்வதும் பள்ளியில் சீண்டலும் குறைந்ததாகச் சொல்கிறது. ஆகவே தடை வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பர்மிங்காம் பல்கலைக்கழகம் இங்கிலாந்தில் 30 பள்ளிகளின் 1,227 மாணவர்களை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட முடிவு வேறு. தடை உள்ள பள்ளிகளுக்கும் இல்லாத பள்ளிகளுக்கும் இடையே மனநலத்தில் வேறுபாடு தெரியவில்லை. கைபேசியில் அதிக நேரம் கழித்த பிள்ளைகளின் மனநலம் மோசமாக இருந்தது உண்மை. ஆனால் பள்ளியின் தடை அந்த மொத்த நேரத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. நமக்கு இது இன்னும் பொருந்தும். நம் பள்ளிகளில் பெரும்பாலானவை மாணவர்கள் கைபேசி கொண்டுவருவதை எப்போதோ தடுத்துவிட்டன. இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட ‘அசர்’ 2024 கணக்கெடுப்பின்படி, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். இவர்களில் முந்தைய வாரத்தில் அதைச் சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு, படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. இதெல்லாம் பள்ளி வாசலுக்கு வெளியே நடப்பது.

நம்பிக்கை 2: சமூக ஊடகம் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி கெடுக்கிறது.

உண்மை: சராசரியைப் பார்த்தால் பாதிப்பு சிறியது, சிலருக்கு, சில வயதில் பெரியது. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி இருவரும் 2019-இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவை அலசினார்கள். அவர்களுடைய மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்கும் பங்கு அதிகபட்சம் 0.4 விழுக்காடு என்று கண்டார்கள். இதைக் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. சராசரி தேவலை என்பதற்காக ஒவ்வொரு பிள்ளையும் நலமாக இருப்பதாக ஆகிவிடாது. தன் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த நோவைக் கூட்டியதாகச் சொன்னார்கள்; 2021-இல் வெளியே கசிந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்விலேயே இது இருந்தது. அதே ஓர்பன் 2022-இல் பிரிட்டன் தரவைக் கொண்டு இன்னொன்றைக் காட்டினார். பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும் சமூக ஊடகப் பயன்பாடு கூடினால், ஓராண்டு கழித்து வாழ்க்கையில் அவர்களுடைய மனநிறைவு குறைகிறது. நம் கணக்கில் இது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவிகள், ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள். பள்ளியின் கவனம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். நாமோ பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டும் ஊக்கப் பேச்சாளரை அழைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறோம்.

நம்பிக்கை 3: விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினால் போதும், இல்லையென்றால் ஆசிரியரே ஒரு வகுப்பு எடுத்துவிடலாம்.

உண்மை: எல்லோருக்கும் பொதுவாக நடத்தும் பாடம் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆசிரியர்களைக் கொண்டு மனப்பயிற்சி வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். வழக்கமான பாடத்தைவிட அது மேலானதாக இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. நமக்கு நெருக்கமான சான்று பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டம் சோதிக்கப்பட்டு, 2018-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. சில பள்ளிகளில் மனநலப் பட்டம் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் ஒரு பெட்டி வைத்தார்; பிள்ளைகள் பெயர் எழுதியோ எழுதாமலோ அதில் சீட்டுப் போட்டார்கள். சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழு, தனியே வந்து பேச ஓர் இடம் என்று அந்தத் திட்டம் எளிமையாகவே இருந்தது. எட்டு மாதத்தில் அந்தப் பள்ளிகளின் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் சீண்டலும் குறைந்தன. இதே வேலையை ஆசிரியர்களிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இது சமூக ஊடகத்தைப் பற்றிய ஆய்வு அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கைபேசித் திரையில் பிள்ளையை வாட்டுவது பெரும்பாலும் கேலி, ஒப்பீடு, தனிமை. இவற்றைச் சொல்ல நம்பகமான ஆள் இருந்தால் அவற்றின் கடுமை குறைகிறது. ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைச் சுமை அதிகம் என்ற ஆட்சேபமும் சரியே. அந்தப் பொறுப்புக்கென்று தனியே ஒருவர் வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். அவர் பெரிய சம்பளம் கேட்கும் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்பதை நாலந்தா காட்டிவிட்டது.

நம்பிக்கை 4: இரவில் வீட்டில் நடப்பதற்குப் பள்ளி பொறுப்பாகாது.

உண்மை: இரவு பத்து மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவியின் படத்தை வைத்துக் கேலி செய்தவரும், அதைப் பார்த்துச் சிரித்தவரும், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவரும் காலையில் அவளுடன் ஒரே வகுப்பறையில்தான் உட்காருகிறார்கள். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ திட்டம், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்களைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கப் பழக்குகிறது. சீண்டல் குறைந்ததாக அதன் ஆய்வுகள் காட்டின. இதை வகுப்பறையில்தான் பழக்க முடியும். வீட்டுப்பாடத்தை இரவில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பள்ளி, பிள்ளையின் கையில் கைபேசியைத் தானே கொடுக்கிறது. அதை டைரியில் எழுதிக்கொடுக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இன்னொன்று: உள்ளதைச் சொன்ன பிள்ளையிடமிருந்து கைபேசியைப் பறித்து, பெற்றோரை வரவழைத்துத் திட்டினால், அடுத்த பிள்ளை வாயே திறக்காது. தண்டனை இல்லாமல் கேட்கப்படும் என்ற உறுதியைப் பள்ளி முன்கூட்டியே தர வேண்டும்.

ஆகவே தடை இருக்கட்டும். அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் பள்ளியின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். மனம் விட்டுப் பேச எங்கள் பிள்ளைகளுக்கு இங்கே யார் இருக்கிறார்? பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்து படித்தீர்கள்? வீட்டுப்பாடம் ஏன் இன்னும் வாட்ஸ்அப்பில் வருகிறது? அதுவரை, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.