அலகிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

பறவையைச் செதுக்கும்போது அது எப்படி இருக்கிறது என்பதைவிட எப்படி இரை தேடுகிறது என்பதை முதலில் படி. மாமல்லபுரப் பட்டறைகளுக்கு எந்த நாட்டுப் பறவை கேட்டும் ஆர்டர் வரலாம். நியூசிலாந்தின் கிவியையே எடுத்துக்கொள். அது பறக்காது, வால் கிடையாது, துளிச் சிறகும் உரோமம் போன்ற இறகுக்குள் மறைந்திருக்கும். படத்தை மட்டும் பார்த்தால் தேங்காயில் குச்சி செருகியது போல ஒரு உருவம்தான் கையில் வரும். ஆனால் கிவி இரவில் மண்ணைத் துழாவி இரை தேடும் பறவை. மற்றப் பறவைகளுக்கு அலகின் அடிப்பக்கம் இருக்கும் நாசித்துளை இதற்கு நுனியில் இருக்கிறது. அலகு நுனி எலும்பின் நுண்குழிகளில் உள்ள நரம்பு முனைகள், மண்ணுக்குள் புழு நெளியும் அதிர்வை உணர்கின்றன. இதை அறிந்தவன் அந்தப் பறவையின் கவனம் முழுவதையும் அலகு நுனியில் நிறுத்துவான்.

இந்தப் பாடத்தைப் படிக்க உனக்கு நியூசிலாந்து வேண்டாம், வேடந்தாங்கல் ஏரி போதும். அரிவாள் மூக்கன் குடும்பத்துக்கும் அலகு நுனியில் அதே தொடுவுணர்வு உண்டு. வளைந்த அலகைச் சேற்றில் விட்டுத் தடவியே அது இரை எடுக்கிறது. கரண்டிவாயன் தண்ணீரில் அலகை இடமும் வலமும் வீசி மேய்கிறது. நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் அதன் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது. கூட்டில் வாய் மூடியிருக்கும் குஞ்சுக்கும் அந்த இடைவெளியைச் செதுக்கினால் சிலை பொய் சொல்லும். ஏரிக் காட்சிக் கோபுரத்திலிருந்து கூடுகளைப் பார், அதோடு திரும்பிவிடாதே. சுற்றியுள்ள நெல்வயல்களிலும் நின்று, மேயும் பறவையை வரைந்து பழகு.

யாளியைப் படைத்த மரபுக்கு இந்த இயற்கைக் கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே மரபுதான் 7ஆம் நூற்றாண்டில் அர்ச்சுனன் தபசுப் பாறையில், பின்னங்காலால் முகத்தைச் சொறியும் மானையும் செதுக்கியது. கற்பனை விலங்குக்குக் கற்பனை போதும். கண்ணால் காணும் உயிருக்கு அதன் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய அலகு கருங்கல்லில் உடைந்துபோகுமே என்பது இன்னொரு தடை. அந்தரத்தில் நீட்டினால் உடையத்தான் செய்யும். மேயும் அலகின் நுனியோ சேற்றுக்குள் இருக்கிறது. அப்படியே செதுக்கினால் பீடம் அலகைத் தாங்கும். பறவையின் பழக்கமே கல்லின் சிக்கலையும் தீர்த்துவைக்கிறது. ஆகவே உளியை எடுக்குமுன் ஒவ்வொரு பறவையிடமும் இதைக் கேள்: நீ எதைத் தின்கிறாய், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? பதில் கிடைத்த பிறகு கல்லில் கோடு போடு.

அன்புடன்,
உன் நலம் நாடும் ஒருவன்