கொறங்காடு தரிசா?

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் சாலையின் இருபுறமும் கிளுவை வேலிக்குள் புல்லும் வேலமரமுமாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்து, 'சும்மா கிடக்கிற காடு' என்று சொல்லிவிடுகிறார்கள். அதுதான் கொறங்காடு. காங்கேயம் மாடும் செம்மறியும் வளர்க்கும் குடும்பங்களின் பட்டா நிலம். அதைப் பற்றிய தவறான நம்பிக்கைகளைத் திருத்தியாக வேண்டும். அவற்றை நம்பித்தான் பலர் அந்த நிலத்தை விற்கிறார்கள்.

நம்பிக்கை: வெள்ளாமை இல்லாத நிலம் தரிசு.

இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 600 மி.மீ.தான். மண்ணோ பெரும்பாலும் சரளை. வெள்ளாமை பொய்க்கும் ஆண்டிலும் கொழுக்கட்டைப் புல்லின் வேர் சாவதில்லை; ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும். கோடையில் புல் தீர்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகிறது. கிளுவைப் போத்து நட்டு வேலி வளர்ப்பது, இடைவெளி விழுந்தால் அடைப்பது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது புல்லைப் புதுப்பிப்பது என்று வேலைக்கும் குறைவில்லை.

நம்பிக்கை: மாடு மேய்ந்தால் நிலம் பாழாகும்.

பாழாவது உண்டு. எப்போது என்பதைப் பார்க்க வேண்டும். மாடு கடித்த புல், மிச்சமுள்ள இலையையும் அடித்தண்டில் சேர்த்து வைத்த சத்தையும் கொண்டு மறுபடி தழைக்கிறது. தழைத்து முடிப்பதற்குள் திரும்பவும் கடிபட்டால் வேர் சுருங்கும். அடுத்த மழையில் புல் அடர்த்தி குறையும், மண் வெளியே தெரியும், தண்ணீர் நிலத்தில் இறங்காமல் ஓடிவிடும். நாலு மாடு நின்றாலும், ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நின்றால் இதுதான் கதி. எத்தனை மாடு என்பதோடு, எத்தனை நாள் நிற்கிறது, நிலத்துக்கு எத்தனை நாள் ஓய்வு என்பதும் கணக்கு. பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஆந்திரே வுவாசன் 1957இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியது இதைத்தான். கொறங்காட்டை வேலியால் துண்டு துண்டாகத் தடுத்திருப்பதும் இதற்காகவே. ஒரு துண்டில் மேயும்போது மற்றது தேறும். எப்போது படலைத் திறப்பது என்று புல்லைப் பார்த்தே சொல்லும் பெரியவர்களின் அறிவு எந்தப் பண்ணைக் கையேட்டுக்கும் குறைந்ததில்லை.

நம்பிக்கை: அப்படியானால் மேய்ச்சலே புவி வெப்பமாதலைத் தடுத்துவிடும்.

இது மறுபக்கத்து மிகை. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஆலன் சேவரி 2013இல் ஓர் உரையில் இப்படிச் சொன்னதும் உலகெங்கும் பரவிவிட்டது. நல்ல மேய்ச்சலால் மண்ணில் கரிமம் சேரலாம். ஆனால் ஓரளவில் அது நின்றுவிடும், மாடு விடும் மீத்தேன் நிற்காது. ஆக்ஸ்போர்டில் இயங்கிய ஆய்வுக் குழு ஒன்று 2017இல் வெளியிட்ட அறிக்கை, மிகச் சாதகமான சூழலிலும் மேய்ச்சல் கால்நடைகளின் வெளியீட்டில் 20 முதல் 60 விழுக்காடு வரைதான் இப்படி ஈடாகும் என்கிறது. கொறங்காட்டின் பெருமைக்கு இந்த மிகை தேவையில்லை. மண் அரிக்காமல் இருப்பதும், வறண்ட ஆண்டிலும் மாடு பிழைப்பதும் போதும்.

நம்பிக்கை: வேலமரம் எல்லாம் ஒன்றுதான், வெட்டிவிடலாம்.

வெள்வேலம் இந்த மண்ணின் மரம். அதன் மெல்லிய நிழலில் புல் வளரும். சீமைக் கருவேலமோ வெளியிலிருந்து வந்தது. புதராக மண்டிப் புல்லை அழிக்கிறது. அதன் காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணம், புழுக்கை வழியே விதை பரவுவதால், முளையிலேயே பிடுங்குவதும் மேய்ப்பவரின் வேலை.

நம்பிக்கை: காங்கேயம் மாடு பால் கறக்காது, வைத்திருப்பது வீண்.

அது உழவுக்கும் பாரத்துக்கும் வளர்த்த இனம். அதைக் கலப்பினப் பசுவின் பால் கணக்கால் அளப்பது நியாயமில்லை. காய்ந்த புல்லைத் தின்று வெயிலில் நிற்கும் திறன் அதன் முதல் தகுதி.

வீட்டுமனைக்கும் காற்றாலைக்கும் கேட்டு வருகிறவர்கள் கொறங்காட்டுக்குத் தரிசு விலைதான் சொல்வார்கள். கொடுக்கும் முன் யோசியுங்கள். அரசுப் பதிவேடுகளிலும் கொறங்காட்டைத் தரிசிலிருந்து பிரித்து, மேய்ச்சல் நிலம் என்று தனியே குறிக்க வேண்டும்.