எண் ஒரு தீர்ப்பன்று

காலையில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம். கருவி 240 எனக் காட்டுகிறது. "இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் பயனில்லையே" என்று மனம் சோர்கிறது. அன்றைய நடைப்பயிற்சி தவறுகிறது. அடுத்த சில நாள்கள் சோதித்துப் பார்க்கவே கை வருவதில்லை. நீரிழிவு நோயாளர் பலரும் அறிந்த நிலை இது.

இது சோம்பலன்று. உணவு, மருந்து, பரிசோதனை என ஆண்டுக்கணக்கில் ஓயாது கவனிப்பதால் சேரும் மனச்சுமை. உடலிலும் இதன் விளைவு உண்டு. மன அழுத்தத்தின்போது சுரக்கும் அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளிவரச் செய்து, இரத்தச் சர்க்கரையை உயர்த்துகின்றன.

இந்நிலையில் உளவியல் சிகிச்சை உதவும். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், எண்ணம் எவ்வாறு செயலை மாற்றுகிறது என்பதை நோயாளரே கண்டறியப் பழகுகிறார். "எல்லாம் வீண்" என்ற எண்ணத்தின் இடத்தில், "நேற்று இரவு தாமதமாக உண்டேன், இன்று இருபது நிமிடம் நடப்பேன்" என்ற எண்ணம் அமர்கிறது. ஊக்கமூட்டும் நேர்காணல் என்பது மற்றொரு முறை. இதில் ஆலோசகர் கட்டளையிடுவதில்லை. எந்த மாற்றம் தமக்கு இயலும் என்பதை நோயாளரே சொல்லும்படி வினவுகிறார்.

2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பில், உளவியல் சிகிச்சை பெற்ற இரண்டாம் வகை நீரிழிவு நோயாளரின் எச்பிஏ1சி அளவு குறைந்தது தெரியவந்தது. கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் பயன் குறைவாகவே இருந்தது. ஆகவே இச்சிகிச்சை மருந்துக்குத் துணையே, மாற்றன்று. மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தலாகாது.

வீட்டில் தொடங்க ஒரு வழி: ஒரு வாரம், சர்க்கரை அளவுக்கு அருகில் அப்போது எழுந்த எண்ணத்தையும் அதன்பின் செய்ததையும் குறித்து வையுங்கள். அடுத்த சந்திப்பில் அக்குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "மறுபடியும் இனிப்பா?" என்ற கேள்வி, நோயாளரை மறைத்து உண்ணவே தூண்டும். "வாருங்கள், சேர்ந்து நடப்போம்" என்ற அழைப்பு அவரது சுமையைப் பகிரும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வோ, உறக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416, எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும்.

கருவி காட்டும் எண் உங்களைப் பற்றிய தீர்ப்பன்று. அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கான குறிப்பு மட்டுமே.