முதுமையும் துவிச்சக்கர வண்டியும்

முதுமை ஓய்வுக்கே உரிய பருவமென எண்ணி, நம்மிற் பலர் உத்தியோகத்தோடு துவிச்சக்கர வண்டியையும் விட்டுவிடுகின்றோம். இவ்வெண்ணம் பொருந்துமோ என ஆராய்வாம்.

பிரான்சு நாட்டிலே 1911ஆம் ஆண்டிற் பிறந்த ரொபேர் மார்ஷான் என்பார், இளமையிற் பழகிப் பின் நெடுங்காலம் மறந்திருந்த வண்டியோட்டத்தை அறுபத்தைந்து வயதைக் கடந்த பின்னரே மீண்டும் தொடங்கினார். 2012ஆம் ஆண்டில், நூறு வயது நிரம்பிய நிலையில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீற்றர் ஓடினார். 2014இல், 102 வயதில், 26.92 கிலோமீற்றரை எட்டினார்.

இஃது எவ்வாறு இயன்றது? 101 வயதிலும் 103 வயதிலும் அறிஞர் அவரைச் சோதித்தனர். ஒட்சிசனைப் பயன்படுத்தும் உடலின் உச்ச ஆற்றல் மூப்பினாற் குறைவதே இயல்பு. அவரிடத்தோ அது நூற்றுக்கு 13 வீதம் உயர்ந்திருந்தது. அவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் ஓடினார். அதில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவான ஓட்டம், எஞ்சியதே கடுமையானது. இவ்வளவறிந்த பயிற்சியே நாம் கற்கவேண்டிய பாடமாகும்.

வண்டி உடற்பாரத்தைத் தாங்குதலின் மூட்டுக்களுக்கு வருத்தம் குறைவு. அதே காரணத்தால் எலும்புகள் அதனாற் பெரிதும் வலுப்பெறுவதில்லை. ஆதலின் நடையையும் கைவிடலாகாது. ஆசனம் மிகத் தாழ்ந்திருப்பின் முழங்கால் நோகும். மிதி கீழே வருங்கால் முழங்கால் சிறிதே மடிந்திருத்தல் நன்று. இருதய நோயுடையோர் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

மார்ஷான் 2021இல், 109 வயதிற் காலமானார். நூறாண்டு வாழ்தல் நம் கையில் இல்லை. வாழுங்காறும் பிறர் தோளை நாடாது நடமாட முயலுதல் நம் கையிலுண்டு. ஆதலின், சுவரிற் சாத்திய வண்டியை மீண்டும் எடுப்போமாக.