நாடு மாறினால் படிப்பு என்ன ஆகும்?



பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வெளிநாடு அனுப்ப நகையை அடகு வச்சு, நிலத்தின் பேரில் கடன் வாங்கும் குடும்பங்கள் இப்போது கிராமத்திலும் இருக்கின்றன. காலேஜ் எப்படி, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறோம். அந்த நாடு எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. சோவியத் யூனியனில் 1991, 92ல் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடந்ததை இந்த மாதம் தெரிஞ்சுக்குவோம்.

அப்போது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காகவே 1960ல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அரசு உதவியில் போனவர்களுக்குக் கட்டணம் கிடையாது. கைச்செலவுக்கு மாதம் சுமார் 90 ரூபிள். ரொட்டி, பஸ், புத்தகம் எல்லாமே அரசு வைத்த விலை என்பதால் மாதம் ஓடிவிடும்.

1990 வாக்கில் விலை குறைவுதான், ஆனால் கடையில் சரக்கு இல்லை. சர்க்கரைக்குக் கூப்பன், எதற்கும் வரிசை. 1991 ஜனவரி 22 இரவு, 50, 100 ரூபிள் நோட்டு செல்லாது, மூன்று நாளில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. நாம 2016 நவம்பரில் பட்ட பாட்டை நினைச்சா புரியும். அந்த வருஷம் டிசம்பரில் சோவியத் யூனியனே கலைந்து 15 நாடாயிற்று. கீவ் நகரில் படித்தவர் உக்ரைனில் இருந்தார், தாஷ்கண்டில் படித்தவர் உஸ்பெகிஸ்தானில் இருந்தார். விடுதி அறை அதேதான்.

1992 ஜனவரி 2ல் ரஷ்யாவில் பெரும்பாலான பொருட்களுக்கு விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் விலைவாசி சுமார் 26 மடங்கு. 10 ரூபாய் சோப்பு வருஷக் கடைசியில் 260 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஒரு டாலருக்கு 125 ரூபிள், டிசம்பரில் 415. வீட்டிலிருந்து டாலர் வந்தவர்கள் சமாளித்தார்கள். உதவித்தொகையை மட்டும் நம்பியவர்கள் திண்டாடினார்கள். சிலர் வெளியூர்ச் சாமான் வாங்கிவந்து விற்றுப் பிழைத்தார்கள். ரூபிளாகச் சேமித்தவர்கள் பணம்தான் பாவம், கையிலேயே கரைந்தது.

அரசுப் பணம் வற்றியதும் அந்தப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கி வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்தன. இன்று ஏஜென்ட்டுகள் ஆள் பிடிப்பது அதன் தொடர்ச்சி.

கட்டணம் டாலரில் என்றால் நம்ம ரூபாயும் கணக்கில் வரும். 2014ல் ஒரு டாலர் 60 ரூபாய் சுற்றில் இருந்தது, 2024 கடைசியில் 85. அதாவது 4,000 டாலர் கட்டணம் 2,40,000லிருந்து 3,40,000 ஆயிருக்கும். கடன் கேட்கும்போதே கடைசி வருஷத்துக்குக் கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

டாக்டர் படிப்புக்கு இன்னொன்று. 2021ல் வந்த விதிப்படி படிப்பு 54 மாதம், பயிற்சி 12 மாதம், எல்லாம் ஒரே கல்லூரியில் முடிக்கணும். நாட்டில் கலவரமோ போரோ வந்தால் நினைத்தபடி வேறு நாட்டுக்கு மாற முடியாது. 2022ல் உக்ரைன் போரில் திரும்பிய பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை கொடுத்துத்தான் வேறு நாட்டில் தொடர விட்டார்கள்.

ஏஜென்ட் வந்தால் மூன்று விஷயம் எழுதித் தரச் சொல்லுங்கள்: கட்டணம் எந்த நாட்டுப் பணத்தில், வருஷா வருஷம் ஏறுமா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும். வாயால் சொன்னால் போதாது, கையெழுத்து வேணும்.