பின்னிருக்கையில் ஆள் ஏறினால்...

அண்ணாகிராமத்திலிருந்து மாமா, அத்தையையும் இரண்டு பலாப்பழங்களையும் ஏற்றிக்கொண்டு புல்லட்டில் சிதம்பரம் புறப்படுகிறார். அதற்குமுன் பின்சக்கர ஷாக் அப்சார்பர்களின் வளையங்களை ஸ்பானரால் இரண்டு படி திருப்புகிறார். “ஸ்பிரிங் டைட்டாகிவிட்டது” என்கிறார். உண்மையில் அப்படியா, மாணவர்களே?

ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியை நினைவுகூருங்கள்: சுருள்வில்லின் சுருக்கம் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும். அவ்விகிதத்தைக் கம்பியின் கனமும் சுற்றுகளும் நிர்ணயிக்கின்றன. வளையம் அதை மாற்றாது.

இரு வில்களும் 1 செ.மீ. சுருங்க மொத்தம் 200 நியூட்டன் தேவை எனக் கொள்வோம். பின்பக்கம் 500 நியூட்டன் கூடினால் வண்டி 2.5 செ.மீ. தாழும். வளையம் வில்லை முன்னதாகவே 1 செ.மீ. அழுத்தி வைத்தால், வண்டி ஏறக்குறைய அந்த 1 செ.மீ. உயரும். ஆக, மாமா மாற்றியது உயரத்தையே!

ஆயினும் பயன் உண்டு. பள்ளத்தில் வில் அடிதட்டுவது குறையும். முகப்பு விளக்கு மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்காது. இருபுறமும் ஒரே படியில் இருப்பது அவசியம்.